நிறுத்த வேண்டாம்

அக்கா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். அவளும் அவள் கணவரும் சேர்ந்து நடத்திய கடை. கண் பரிசோதிப்பது அவர், பேரம் பேசுவது அவள். கீழே கடை, மேலே வீடு. அந்தத் தெருவுக்கு அடியில்தான் மெட்ரோ சுரங்கம் போகும் என்று முடிவானது. சுரங்கம் தோண்டும்போது மேலே தரை எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடும் வேலை தங்கையுடையது.

இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தது தற்செயல். அக்கா வீடு பாதையில் வருகிறது என்று தெரிந்த அன்றே தங்கை தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும் என்றார். கையெழுத்து வேறு ஆளுடையதாக இருந்ததே தவிர, கணக்கு இவளுடையதுதான். தெரு முழுக்க ஒரே மண். ஒரு வீட்டைப் பிய்த்து எடுத்துத் தனியாகக் கணக்குப் போட முடியாது.

மண் என்றால் கெட்டி மண் இல்லை. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் களிமண், விரலால் அழுத்தினால் குழி விழும். சுரங்க இயந்திரம் அதற்குள் துளைத்துக்கொண்டு போகும்போது தனக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மண்ணை எடுத்துவிடும். அந்தக் கூடுதல் இடத்தை நிரப்ப மேலே உள்ள மண் மெல்ல இறங்கும். கொடியில் போட்ட ஈரப் போர்வை நடுவில் தொய்வதுபோலத் தெரு தொய்யும். நடுவில்தான் அதிகம், ஓரத்துக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் போய்விடும். நடுவில் பதினான்கு மில்லிமீட்டர் என்று தங்கையின் கணக்கு சொன்னது. முந்தைய தெருக்களில் அவள் சொன்னதைவிட ஒன்றிரண்டு குறைவாகவே இறங்கியிருந்தது. அலுவலகத்தில் அவளுக்கு ‘மில்லி மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி கிண்டல், பாதி மரியாதை.

அக்கா வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு வந்தது. இயந்திரம் வரும் வாரம் எங்கேயாவது போய் இருந்துவிட்டு வரலாமா என்று அக்கா கேட்டாள். தங்கை தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒண்ணும் ஆகாதுக்கா. பதினாலு மில்லிதான் இறங்கும். சுவத்துல பெயிண்ட் வேணா முடி மாதிரி விரிசல் விடும். அவ்வளவுதான்.”

அலுவலகத்தில் அவள் அப்படிப் பேச மாட்டாள். ‘பெரிய பாதிப்பை எதிர்பார்க்கவில்லை’ என்றுதான் அங்கே எழுதுவாள். அக்காவிடம் அப்படிப் பேசினால் அந்நியமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

பிறகு தெருக்காரர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார்கள். ஓர் அதிகாரி வளைகோடுகள் வரைந்த படங்களைத் திரையில் காட்டினார். யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. எதிர்வீட்டுத் தையற்காரர் எழுந்து, இந்தக் கோடெல்லாம் இருக்கட்டும், வீட்டில் இருக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் என்றார். அதிகாரி மறுபடி படத்துக்கே போனார். அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

“என் தங்கச்சிதான் கணக்குப் போட்டிருக்கா. நான் எங்கயும் போகப் போறதில்ல.”

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது.

தெருவிலிருந்த எல்லாச் சுவர்களிலும் உள்ளங்கையில் அடங்கும் சிறு கண்ணாடிப் பட்டகங்களைப் பொருத்தினார்கள். தெருக்கோடியில் இருந்த உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ஓர் அளவுக் கருவி தானாகவே சுழன்று ஒவ்வொரு பட்டகத்தையும் பார்த்து, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தங்கையின் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தங்கை மாமா என்று கூப்பிடும் அக்காவின் கணவர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தன் கடைக்கு வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் கண் டெஸ்ட், தன் சுவருக்குத் தினமும் கண் டெஸ்ட் என்று.

இயந்திரம் நெருங்கிய வாரத்தில் ஒரு காலை, தங்கை திரையைத் திறந்தபோது அக்கா வீட்டு முன்சுவர் ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இயந்திரம் இன்னும் இரண்டு வீடு தள்ளி இருந்தது. அது வருவதற்கு முன்னால் தரை அசைவது உண்டு, ஒன்றோ இரண்டோ. ஒன்பது இருக்க வழியில்லை. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். அளப்பவரை அனுப்பிக் கையால் ஒரு முறை அளக்கச் சொன்னாள். அவர் அளந்து முடிப்பதற்குள் அது பத்தாகியிருந்தது.

அவளைப் பயமுறுத்தியது அந்த எண்கூட இல்லை. முன்சுவர் பத்து இறங்கியிருக்க, பின்சுவர் அசையவே இல்லை. அவள் போட்டிருந்த வளைகோடு அகலமானது. அதன்படி வீடு மொத்தமாக, சமமாக, அலுங்காமல் இறங்க வேண்டும். இங்கே பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் விழுந்துகொண்டிருந்தது. இறங்குவதை ஒரு வீடு தாங்கிக்கொள்ளும். வளைவதைத் தாங்காது.

சுரங்கத்துக்குப் போன் போட்டு, இயந்திரத்தின் முகப்பில் மண்ணை எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னாள். தெருக்காரர்களை வெளியேற்றத் தலைமைப் பொறியாளரிடம் அனுமதி வாங்கினாள். அவர் தயங்காமல் கொடுத்தார். கைப்பையைக்கூட எடுக்காமல் காரில் ஏறினாள்.

கடையில் மாமா ஒரு பெண்மணிக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல் கதவோடு மல்லுக்கு நின்றிருந்தாள். காலையிலிருந்து கதவு சாத்தவில்லை. அலமாரியின் கண்ணாடித் தட்டு ஒன்று யாரும் தொடாமலே டிக்கென்று விரிசல் விட்டுவிட்டதாம். தங்கையைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள்.

“வா. உன் பதினாலு மில்லியும் வந்து எங்க கதவுலயே உக்காந்திருக்கு.”

“எல்லாரும் வெளிய வாங்கக்கா. இப்பவே.”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தாள். மாமா அந்தப் பெண்மணியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். சோதனைக்குப் போட்ட வட்டச் சட்டம் அந்தப் பெண்மணியின் முகத்திலேயே இருந்தது. ஒரு கண்ணில் கண்ணாடி, இன்னொன்றில் கறுப்பு மூடி. அப்படியே அவர் தெருவில் நின்று எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையின் ஆட்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. முதலில் குசுகுசுப்பு, பிறகு சத்தம். எல்லாச் சத்தமும் ஒரே இடத்தில் வந்து நின்றது: இயந்திரத்தை நிறுத்துங்கள். தையற்காரர் தடுப்பைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அதைச் சொன்னார். தளப் பொறுப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் தலைமைப் பொறியாளரைப் போனில் பிடித்து, நிறுத்திவிடலாம் சார், ஜனங்களைச் சமாளிக்க முடியவில்லை என்று கெஞ்சினார். தலைமைப் பொறியாளர் போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொன்னார். இரைச்சலில் காது கேட்காததால் அவள் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள்.

“அது உங்க அக்கா வீடு. நீங்க இதுலேருந்து விலகிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் வேற யாரையாவது கேட்டுக்கறேன்” என்றார் அவர்.

வேறு யாரைக் கேட்டாலும், அவர்கள் இவள் கணக்கை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அதுவரை இயந்திரம் நிற்கும்.

நிற்பதுதான் ஆபத்து. இத்தனை இளகிய மண்ணில் இயந்திரம் ஒரு வீட்டுக்கடியில் நின்றுபோனால் முகப்பில் அழுத்தம் மெல்லக் கசியும். மேலே உள்ள களி அதை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தின் முதுகைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பக் கொட்டும் சிமெண்டுக் கலவை இறுகினால் இயந்திரமே சிக்கிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே இருந்தால் இறக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. நின்றால் இல்லை. இதை அவள் படித்திருந்தாள், வேறு ஊர்களில் நடந்ததையும் கேட்டிருந்தாள். ஆனால் இந்த மண் காலையிலிருந்து அவள் படித்தபடி நடக்கவில்லை.

“நிறுத்தச் சொல்லுடி” என்றாள் அக்கா, மெதுவாக.

தங்கை போனை வாயருகே கொண்டுபோனாள்.

“நிறுத்த வேண்டாம் சார். அழுத்தத்தை இன்னும் ஏத்துங்க. பின்னாடி கலவையும் கூடுதலா விடச் சொல்லுங்க. ஒரே சீரா ஓட்டணும். நிறுத்தறதுன்னா வீட்டைத் தாண்டின அப்புறம் நிறுத்திக்கலாம்.”

சரி என்றார் அவர்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“என்ன சொன்னே நீ?”

“நின்னா இன்னும் அதிகமா இறங்கும்க்கா. சொன்னா நம்பு.”

“பதினாலுதான்னு சொன்னியே. அதையும்தான் நம்பினேன்.”

கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கிப்போனதால் வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தங்கள் தெளிவாகக் கேட்டன. மேலே எங்கோ பாத்திரம் உருண்டது. கடைக்குள் கண்ணாடிகள் வரிசை வரிசையாகச் சரிந்து விழுந்தன. மாமா ஒவ்வொரு சத்தத்துக்கும் இது எந்த அலமாரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பகலில் பால்கனிக் கைப்பிடிச் சுவர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் விலகித் தெருவில் விழுந்தது. அங்கேதான் காலையில் மாமாவின் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. தங்கை கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது. இருபத்தாறு. முப்பத்து மூன்று. அக்கா அவளிடமிருந்து விலகிப்போய்த் தெருக்காரர்களோடு நின்றுகொண்டாள்.

வெயில் சாயும்போது இயந்திரம் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. முன்சுவர் நாற்பத்தோரு மில்லிமீட்டரில் நின்றது. வீடு விழவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் பிறகு தெரிந்தது. மண்ணைச் சோதிக்கப் போட்ட இரண்டு துளைகளுக்கு நடுவே, எந்தத் துளையிலும் அகப்படாமல், எந்தக் காலத்திலோ தூர்ந்துபோன ஒரு கால்வாய் கிடந்திருக்கிறது. அதற்குள் இருந்தது களிமண்ணைவிட இளகிய சேறு. விசாரணைக் குழு, கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் கணக்கில் பிழை இல்லை என்றது. இயந்திரத்தை நிறுத்தாதது சரியான முடிவு என்றது. தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். அலுவலகத்தில் ‘மில்லி மேடம்’ என்று கூப்பிடுவதை எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அக்காவையும் மாமாவையும் நிறுவனம் ஒரு வாடகை ஃபிளாட்டில் குடிவைத்தது. தங்கை தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு பேர் சாமானும் அங்கே கொள்ளாது என்று அக்கா மாமா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு தங்கை போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பொதுமக்களுக்கான புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். கண்ணாடிக் கடை உரிமையாளர், பின்பக்கக் குழாயில் கசிவு. கண்ணாடிக் கடை உரிமையாளர், பூட்டிய வீட்டுக்குள் சாமான் எடுக்க அனுமதி கேட்கிறார். மற்றவர்களின் புகார்களோடு சேர்ந்து அவை தங்கையின் மேசைக்கு வந்தன. அவள் ஒவ்வொன்றையும் அன்றே கவனித்தாள்.

ஒரு நாள் மாமா வழியில் பார்த்து ஒரு செய்தி சொன்னார். தையற்காரர் அக்காவிடம் வந்து, நீங்கள் இருக்கிறேன் என்றதால்தானே நாங்களும் இருந்தோம் என்று சண்டை போட்டாராம். அக்கா விடவில்லையாம். என் தங்கை அன்றைக்கு நிறுத்தச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ நின்று பேசத் தெருவே இருந்திருக்காது என்று சொல்லி வாயடைத்துவிட்டாளாம். அன்று மாலையே ஃபிளாட்டுக்குப் போனாள்.

அக்கா கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தையற்காரரிடம் பேசியதைப் பற்றித் தங்கை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வெளிய நான் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது வேற. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“இன்னும் மோசமாகியிருக்கும்.”

“நிச்சயமாவா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழுவே சொல்லிவிட்டது. வாய்வரை வந்த சொல்லைத் தங்கை விழுங்கினாள்.

“நிச்சயமா சொல்ல முடியாதுக்கா. நிறுத்திப் பாக்கலையே.”

அக்கா தலையை ஆட்டினாள். கோபம் போலவும் இல்லை, சமாதானம் போலவும் இல்லை.

“வீடு போச்சு, கட்டிக்கலாம். மண்ணுக்குள்ள இருக்கறது உனக்குத் தெரியல, சரி, யாருக்குத் தெரியும்? ஆனா சாப்பிட்டுக்கிட்டே சொன்னே பாரு, ஒண்ணும் ஆகாதுன்னு. நிமிர்ந்துகூடப் பாக்காம. அப்ப மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமா இருந்துச்சு உனக்கு? அதை வெச்சுக்கிட்டு நான் அத்தனை பேரு முன்னாடி எழுந்து நின்னேன்.”

தங்கை அழுதாள். அக்கா அவளை அழ விட்டாள். தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

மெட்ரோ என்றால் போக ஒரு சுரங்கம், வர ஒரு சுரங்கம். இரண்டாவது இயந்திரம் அதே தெருவுக்கு அடியில் வரவேண்டியிருந்தது. வேறு பகுதிக்கு மாற்றட்டுமா என்று தலைமைப் பொறியாளர் தங்கையைக் கேட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். நெருக்கமாகத் துளைகள் போட்டுக் கால்வாயின் போக்கைக் கண்டுபிடித்தார்கள். சேற்றுக்குள் சிமெண்டைச் செலுத்திக் கெட்டிப்படுத்தினார்கள். அக்கா வீட்டை இரும்புக் கால்களால் முட்டுக்கொடுத்துப் பிளவுகளை அடைத்தார்கள். அதன் பிறகும் தங்கை தன் கணக்கை மூன்று விதமாகப் போட்டாள். மூன்றும் மூன்று விடை சொன்னன.

இந்த முறை விளக்கக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். படம் எதுவும் காட்டவில்லை.

“அஞ்சுலேருந்து முப்பது மில்லி வரைக்கும் எது வேணா இறங்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது. அதனால இயந்திரம் தாண்டிப் போற வரைக்கும் தெருவுல யாரும் இருக்கக் கூடாது.”

படித்த இஞ்சினியருக்கே தெரியாதாம் என்று யாரோ சிரித்தார்கள். தையற்காரர், திருமண சீசனில் கடையைப் பூட்டச் சொன்னால் நான் எதைத் தைப்பது, மண்ணையா என்றார். தங்கை எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாள். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வெளியேறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தெரு காலியானது. இயந்திரம் வந்தது, போனது. முன்சுவர் ஆறு மில்லிமீட்டர் இறங்கியது. அவ்வளவுதான். ஆறு மில்லிக்கா இத்தனை கூத்து என்று தெரு முழுவதும் பேசினார்கள். இழந்த வியாபாரத்துக்கு ஈடு கேட்டுப் புகார்கள் குவிந்தன. தங்கைக்கு நிம்மதி வரும் என்று அலுவலகத்தில் எதிர்பார்த்தார்கள். அவள் அந்த ஆறைப் பலமுறை கையால் அளக்கச் சொன்னாள். அது ஆறுதான்.

பழுது வேலை முடிந்து அக்காவும் மாமாவும் திரும்பி வந்த அன்று தங்கை போயிருந்தாள். கடைத் தரை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வீட்டை முழுக்க நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் வேறு இடத்தில் விரிசல் விடும் என்று விட்டுவிட்டார்கள். கல்லா மேசை ஆடியது. அக்கா அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கையும் தரையில் உட்கார்ந்து மேசையைத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு மடிப்பு வை என்றாள். அக்கா வைத்தாள். மேசை நின்றது.

“இன்னும் இறங்குமா?” என்று அக்கா கேட்டாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இறங்கும். களிமண்ணுலேருந்து தண்ணி வெளியேற ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே இருக்கும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. மாசா மாசம் நான் வந்து பாக்கணும்.”

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். உள்ளே மாமா கண் பரிசோதிக்கப் புதிதாக வாங்கிய எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று குரல் கொடுத்தார். இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னாள் அக்கா. பிறகு தங்கை பக்கம் திரும்பினாள்.

“வா. போன் பண்ணிட்டு வா.”

தங்கை சரி என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்த வீட்டுக்கு அவள் இதுவரை ஒரு நாளும் போன் பண்ணிவிட்டு வந்ததில்லை.